ரெண்டு முடிச்சுக் கல்யாணம்

ஜனவரி 20, 1954, புதன்

இந்த டைரியை அவர் கொடுத்தார். "தேதியைக் குழப்பிக்கிறே நீலா, கால்ஷீட்டை இதுல குறிச்சு வை"ன்னார். அவர்னா தணிகாசலம் முதலியார், எங்க படக் கம்பெனி முதலாளி. அதுக்கு மேல டைரிக்குச் சொல்ல ஒண்ணுமில்லை. இத்தனை நாள் தொடாமதான் வச்சிருந்தேன். ஆனா இன்னைக்கு நடந்ததை யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும், வீட்டுல இருக்கிறது நானும் பூனையும்தான்.

புதுப்படம் இன்னைக்கு ஆரம்பம். மங்களமா இருக்கட்டும்னு முதல் ஷாட்டே கல்யாண சீன். எனக்கு இதெல்லாம் புதுசா என்ன? சினிமாவுல கழுத்தை நீட்டி நீட்டியே என் கழுத்து நீண்டு போச்சு. மணையில உட்காரணும், தலையைக் குனியணும், கெட்டிமேளம் கொட்டும், கதாநாயகன் ரெண்டு முடிச்சு போடுவான், டைரக்டர் கட் சொல்லிடுவார். ரெண்டே ரெண்டுதான். மூணாவது முடிச்சைப் போட்டா அது நிஜக் கல்யாணம் ஆயிடும்னு ஸ்டூடியோவுல லைட் தூக்கறவன்ல இருந்து முதலாளி வரைக்கும் நம்பறாங்க. படம் பார்க்கிறவங்க என் முகத்தைத்தான் பார்ப்பாங்க, முடிச்சை யார் எண்ணப் போறாங்க?

கதாநாயகன் புதுசு. துரைக்கண்ணுன்னு பேர், மதுரைப் பக்கத்து நாடகக் கம்பெனியில இருந்து வந்தவன், என்னை விடப் பத்து வயசு சின்னவன். செட்டுக்கு வெளியில என்னை அக்கான்னு கூப்பிடறான். காதல் சீன்ல என்ன பண்ணப் போறானோ, அவனைப் பெத்த மகராசிக்கே வெளிச்சம். இந்த ரெண்டு முடிச்சு சமாசாரத்தை அவன்கிட்ட யாருமே சொல்லலை. அவனுக்குத் தெரியும்னு டைரக்டர் அய்யர் நினைச்சார், அய்யர் சொல்லியிருப்பார்னு மத்தவங்க நினைச்சாங்க. கெட்டிமேளம் கொட்டினதும் பையன் மூணையும் இறுக்கிப் போட்டுட்டான்.

டைரக்டர் ராமபத்ர அய்யர் தோள் துண்டைத் தூக்கி எறிஞ்சார். "அடப்பாவி! மூணாவதையும் போட்டுட்டியேடா!" மேளம் பாதியில நின்னு போச்சு. என் தலைமுடி அலங்காரம் பார்க்கிற ஆதிலட்சுமி வாயிலயே அடிச்சுக்கிட்டா. துரைக்கண்ணு நடுங்கிப் போய், "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா"ன்னான். "போனாப் போகுது, எழுந்திரு மாப்பிள்ளை"ன்னேன். அய்யரைத் தவிர எல்லாரும் சிரிச்சாங்க.

திருஷ்டி சுத்தித் தேங்காய் உடைச்சாங்க. அந்த முடிச்சை அவிழ்க்க ஒருத்தரும் கை வைக்கலை, தலை வழியாத்தான் கழட்டினாங்க. தகரத் தாலியை நெம்பி எடுத்துட்டு, கயிறைக் கடல்ல போட்டுடணும்னார் அய்யர். "என் வீடு கடல் பக்கம்தானே, குடுங்க, நானே போட்டுடறேன்"னு வாங்கிக்கிட்டேன்.

பவுடர் டப்பாவுல கிடக்கு. வர வழியில போட மறந்துட்டேன்.

ஜனவரி 22

இன்னைக்கும் கடற்கரைப் பக்கம் போக நேரமில்லை.

ஜனவரி 24, ஞாயிறு

சாயங்காலம் அவர் வந்தார். விரால் மீன் குழம்பு. வழக்கமா ஒரு சட்டி குழம்பையும் வழிச்சுச் சாப்பிடற மனுஷன் இன்னைக்குச் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார். முள் குத்திடுச்சான்னு கேட்டேன்.

"மூணு முடிச்சும் போட்டுட்டானாமே?"ன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆமாங்க. இனிமே நான் திருமதி துரைக்கண்ணு."

அவர் சிரிக்கலை. "அந்தக் கயிறு எங்கே?"ன்னார். பவுடர் டப்பாவைக் கொண்டு வந்து வச்சேன். ஏன் இன்னும் வச்சிருக்கேன்னு கேட்பார்னு பார்த்தேன், கேட்கலை. கையைக் கழுவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, மூணாவது முடிச்சை நகத்தால நெம்பி நெம்பி அவிழ்த்தார். பட நெகட்டிவைப் பார்க்கிற மாதிரி முகத்துக்குக் கிட்ட வச்சுக்கிட்டு, வேர்க்க விறுவிறுக்க அவிழ்த்தார். பிறகு மிச்ச ரெண்டு முடிச்சையும் காட்டி, "இது ரெண்டும் சினிமாவுக்கு. மூணாவது எனக்கு"ன்னார்.

கயிறை வாங்கி டப்பாவுல போட்டேன்.

"இந்த மாசியில, நீலா. திருநீர்மலைக் கோயில்ல. மார்ச் பதினொண்ணு, வியாழக்கிழமை, நாள் நல்லா இருக்கு. ஜோசியரைக் கேட்டுட்டேன்."

பதினோரு வருஷமா இந்த மனுஷனோட இருக்கேன். முதல் மூணு வருஷம் தாலி கட்டுங்கன்னு கேட்டேன், அப்புறம் கேட்கிறதை விட்டுட்டேன். புரசைவாக்கத்துப் பெரிய வீட்டுல சம்சாரம் இருக்காங்க, கல்யாண வயசுல ரெண்டு பையன்கள் இருக்காங்க. எனக்கு இந்த வீடு இருக்கு, பூனை இருக்கு, ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு ஒருக்கா மீன் குழம்பு இருக்கு. இப்ப வந்து மாசிங்கறார்.

"சரி, பார்க்கலாம்"னேன். நான் ஒண்ணும் துள்ளிக் குதிக்கலை. ரெண்டு அப்பளம் அதிகமாப் பொரிச்சேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 2

கூறைப்புடவை எடுத்தாச்சு. அரக்குல கட்டம் போட்டது. ஆதிலட்சுமியைத் துணைக்குக் கூட்டிட்டுப் போனேன். "எந்தப் படத்துக்கும்மா? கம்பெனிதானே எடுத்துத் தரும்?"னு குடைஞ்சா. "உன் வேலையைப் பாரு"ன்னேன். அவளா விடுவா? வர வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கிறதும் வெளியில பார்த்துச் சிரிக்கிறதுமா வந்தா. அவ புருஷன் ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை, ஆனா அவ நெத்தியில பொட்டு மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு. நான் கேலி பண்ணினா, "அவன் கிடக்கான்மா, பொட்டு என்னுது"ம்பா.

இன்னொரு கம்பெனியில இருந்து ஆள் வந்திருந்தான். அடுத்த வருஷம் எடுக்கப் போற படத்துக்குக் கேட்கிறாங்களாம். என்ன வேஷம்னேன். தரையைப் பார்த்துக்கிட்டே, "கதாநாயகனுக்கு அம்மா"ன்னான். கதாநாயகன் யாருன்னேன். துரைக்கண்ணாம்! இங்க எனக்குத் தாலி கட்டறவன், அங்க எனக்குப் பிள்ளை. "நான் இன்னும் சாகலைப்பா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஒரு தடவை அம்மா வேஷம் கட்டினவளுக்கு அப்புறம் யாரும் டூயட் கொடுக்க மாட்டாங்க. நாகப்பட்டினத்துல இருந்து பதினாலு வயசுல ரயிலேறி வந்தவ நான், நாடகத்துல ராஜா வேஷம் கூடக் கட்டியிருக்கேன், மீசை வச்சுக்கிட்டு. கிழவி வேஷத்துக்கு மட்டும் இப்ப அவசரமில்லை.

பிப்ரவரி 9

அய்யர்கிட்டப் போய் நின்னேன். இந்தப் படத்துல எனக்கு இடைவேளைக்கு அப்புறம் விதவை வேஷம். அந்த சீன்களை ஏப்ரல்ல கடைசியா எடுக்கிறதா வச்சிருந்தார். அமங்கலத்தை எப்பவும் கடைசியிலதான் எடுப்பாங்க. "மார்ச் பதினொண்ணுக்கு முன்னாடி முடிச்சுடுங்க சார்"னேன். ஏன்னார். காரணத்தை எப்படிச் சொல்றது? கழுத்துல தாலி ஏறினதுக்கு அப்புறம் வெள்ளைப் புடவை கட்ட எனக்கு மனசு வராது. நடிப்புதான், தெரியும். இருந்தாலும் கட்ட மாட்டேன்.

"வேண்டுதல் சார்"னேன்.

மூக்குப்பொடியை உறிஞ்சிட்டு என்னையே பார்த்தார். "உனக்காகத்தான் நீலா. எட்டு, ஒம்போது, பத்து. போறுமா?"ன்னார். போதும்னேன். செட் போடறவங்க எல்லாம் என்னைத் திட்டறாங்களாம். திட்டட்டும்.

பிப்ரவரி 18

ஆபீஸ்ல அவருக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிச்சாம். வாயுத் தொல்லைங்கறாங்க. மத்தியானமே புரசைவாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

வாயுவாத்தான் இருக்கும். மொச்சைக் கொட்டையைத் தொடாதீங்கன்னா கேட்டாத்தானே.

பிப்ரவரி 20

டெலிபோன் பண்ணினேன். அவர் மச்சினன் எடுத்தார்.

"யாரு பேசறது?"

"ஸ்டூடியோவுல இருந்துங்க. முதலாளிக்கு உடம்பு..."

"ஸ்டூடியோவுல யாரு?"

வச்சுட்டேன்.

பிப்ரவரி 21, ஞாயிறு

மீன்காரி வந்தா. வேண்டாம்னு அனுப்பிட்டேன். பூனை என் மேல கோபமா இருக்கு.

பிப்ரவரி 27

கம்பெனிக்காரங்க எல்லாரும் முதலாளியைப் பார்க்கக் கிளம்பினாங்க. நானும் அவங்களோட போனேன். கதாநாயகி போகலைன்னாத்தானே தப்பாப் பேசுவாங்க? ஆதிலட்சுமி கையில சாத்துக்குடிக் கூடை.

அந்த வீட்டு வாசப்படியை மிதிச்சது இதுதான் முதல் தடவை. அவர் கட்டில்ல சாஞ்சு உட்கார்ந்திருந்தார். இளைச்சுப் போயிட்டார், கழுத்துல எலும்பு தெரியுது. ஷேவ் கூடப் பண்ணி விடலை. அவருக்கு ஒருநாள் தாடி இருந்தாலே அரிக்கும்னு அந்த வீட்டுல யாருக்கும் தெரியாதா?

"வாங்கம்மா. ஷூட்டிங் எப்படிப் போகுது?"ன்னார் என்கிட்ட. வாங்கம்மாவாம்.

"நல்லாப் போகுதுங்க முதலாளி."

"பதினொண்ணாம் தேதி பூஜை. மறந்துடாதீங்க."

அய்யர் திரும்பி, "எந்தப் பூஜை?"ன்னார். நான் சாத்துக்குடியைப் பார்த்துக்கிட்டு நின்னேன். சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம் முட்டிக்கிட்டு வந்தது. இத்தனை வருஷ நடிப்பும் அந்த ரெண்டு நிமிஷத்துக்குத்தான் உதவினது.

கிளம்பறப்ப அவர் சம்சாரம் காமாட்சியம்மா குங்குமத் தட்டோட வந்தாங்க. நல்ல களையான முகம். திட்டறதுக்கு ஒரு காரணமாவது கிடைக்கும்னு பார்த்தேன், கிடைக்கலை. ஆதிலட்சுமிக்குக் கொடுத்தாங்க, அவ எடுத்து வகிட்டுல வச்சுக்கிட்டா. நான் கையை நீட்டினேன். தட்டைக் கொஞ்சம் பின்னால இழுத்துக்கிட்டு, "உங்களுக்கு எதுக்கு? மேக்கப் கலைஞ்சுடும்"னாங்க.

மேக்கப்பே போடாமத்தான் போயிருந்தேன்.

மார்ச் 4

அவரே டெலிபோன் பண்ணினார்! பக்கத்துல யாரோ இருந்திருக்கணும், குரலைத் தாழ்த்திக்கிட்டு, "எழுந்து நடக்கறேன். வியாழக்கிழமை காலைல ஏழு மணிக்குக் கார் வரும்"னு சொன்னார்.

"உடம்பு..."ன்னு இழுத்தேன்.

"கயிறு பத்திரமா இருக்கா?"

"இருக்குங்க."

"மீதி ஒரு முடிச்சுதானே, போட்டுடுவேன்"னார்.

பூனைக்கு மீன் வாங்கிப் போட்டேன். வீடெல்லாம் ஒட்டடை அடிச்சேன். புடவைக்கு ரவிக்கை தைச்சு வந்தது, கை கொஞ்சம் இறுக்கம். பிரிச்சுத் தைக்கக் கொடுத்திருக்கேன், புதன்கிழமை தந்துடறேன்னான் தையல்காரன்.

மார்ச் 8, திங்கள்

வெள்ளைப் புடவை கட்டியாச்சு. நெத்தியை வழிச்சுத் துடைச்சு, வளையலைக் கழட்டி, பூவை எடுத்துட்டு கண்ணாடியைப் பார்த்தா, எங்கம்மாவைப் பார்த்த மாதிரி இருக்கு. துரைக்கண்ணு மாலை போட்ட படமாத் தொங்கறான். அதுக்கு முன்னாடி உட்கார்ந்து அழணும். கிளிசரின் பாட்டிலை நீட்டினாங்க. "எனக்கு எதுக்கு அந்தக் கண்றாவி?"ன்னு தள்ளி விட்டேன். அழுகைக்கு நான் இதுவரைக்கும் அதைத் தொட்டதே இல்லை. அழுன்னா அழுதுடுவேன். ஒரே டேக்.

ஷாட் முடிஞ்சதும் ஆதிலட்சுமி ஓடி வந்தா. கையில தட்டு, தட்டுல குங்குமம், மல்லிகைப்பூ, முகம் பார்க்கிற கண்ணாடி. விதவை வேஷம் கட்டினவளை அந்தக் கோலத்தோட வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. செட்லயே பொட்டு வச்சு, பூ வச்சு, கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வாங்க. ஸ்டில் போட்டோக்காரர் அந்தச் சிரிப்பை ஒரு படம் எடுத்த பிறகுதான் லைட்டை அணைப்பாங்க. தோஷம் கழிஞ்சுதாம். நானும் சிரிச்சேன். வழக்கத்தை விட அதிகமாவே சிரிச்சேன்னு ஆதிலட்சுமி சொன்னா.

மார்ச் 9

இன்னைக்கும் அதே. இன்னும் ஒருநாள்தான்.

மார்ச் 10, புதன்

எழுதணும். எழுதாம எங்க போய்ச் சொல்றது?

மத்தியானம் சாப்பிட்டு வந்து ஒரு ஷாட்தான் பாக்கி. உறவுக்காரப் பொம்பளைங்க சுத்தி உட்கார்ந்து என் தாலியைக் கழட்டற ஷாட். வெள்ளைப் புடவையோட நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். செட்டுல சத்தமே இல்லை. லைட்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறாங்க. கேட்காமலே டீ வருது. எதுக்கெடுத்தாலும் கத்தற அய்யர் என் கிட்ட வந்து, பக்கத்துல ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீலா, புரசைவாக்கத்துல இருந்து போன் வந்தது."

அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எப்போ?"

"பன்னெண்டு மணி வாக்குலயாம். குளிச்சிட்டு வந்து உட்கார்ந்தாராம், அப்படியே..." துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார். "பேக்கப் சொல்லிடறேன். எல்லாரும் போகணும்."

"ஷாட்டை எடுத்துடுங்க சார்."

"நன்னா இருக்காதும்மா."

"நீங்க எல்லாம் அங்க போவீங்க. மாலை போடுவீங்க, பக்கத்துல நிப்பீங்க. நான் எங்க சார் போவேன்? என்னை அந்த வாசல்ல விடுவாங்களா?"

அய்யர் எழுந்து போய், "லைட்ஸ்"னார். எப்பவும் கத்தற கத்தல் இல்லை.

மணையில உட்கார்ந்தேன். துணை நடிகைங்க நாலு பேர் சுத்தி உட்கார்ந்தாங்க. காமிரா ஓடுது, என் கழுத்துல கை வைக்கிறாங்க, எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை. கட். மறுபடி எடுத்தாங்க, வரலை. உள்ள எல்லாம் கல்லாப் போயிருந்தது. மூணாவது தடவை நானே கையை நீட்டி, "அந்தக் கிளிசரினைக் கொடுங்க"ன்னேன். கொடுத்தவன் என் முகத்தைப் பார்க்கலை. அதைப் போட்டுக்கிட்டு அழுதேன். கயிறைக் கழட்டினாங்க. டைரக்டர் கட் சொன்னார். நான் அழுகையை நிறுத்தலை, நிறுத்த வரலை. கிளிசரின் எப்போ தீர்ந்து போச்சுன்னு தெரியாது.

யாரும் லைட்டை அணைக்கலை. அப்பத்தான் பார்த்தேன், ஆதிலட்சுமி அந்தத் தட்டோட நின்னுக்கிட்டு இருக்கா. குங்குமம், மல்லிகைப்பூ, கண்ணாடி. வழக்கம் வழக்கம்தானே, எடுத்துட்டு வந்துட்டா. பாதி தூரம் வந்து நின்னுட்டா. போட்டோக்காரர் காமிராவைக் கையில வச்சுக்கிட்டு என்னைப் பார்க்கிறார். மொத்த செட்டும் என்னைப் பார்க்குது.

பொட்டை வச்சுக்கிட்டாப் போச்சு. சிரிச்சு ஒரு படம் எடுத்துக்கிட்டா நான் வெறும் நடிகை, தோஷம் கழிஞ்சுது. வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன பாத்தியதை? என்ன உறவுன்னு சொல்லி மறுக்கிறது?

ஆதிலட்சுமி என்னையே பார்த்தா. அவ கண்ணு நிறைஞ்சு வழிஞ்சுது. "இன்னைக்கு வேண்டாம்மா"ன்னா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. குங்குமத்தை முந்தானையால மூடிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டா.

அய்யர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். போட்டோக்காரர் காமிராவைப் பையில வச்சார். துரைக்கண்ணு ஓரமா நின்னு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஒருத்தர் கூட, பொட்டு வைங்கப்பான்னு சொல்லலை. சிரிக்கச் சொல்லலை. லைட்டை ஒவ்வொண்ணா அணைச்சாங்க.

வெள்ளைப் புடவையோடதான் வீட்டுக்கு வந்தேன்.

நானேதான் கேட்டு வாங்கின தேதி. பாவி.

மார்ச் 11, வியாழன்

பேப்பர்ல அவர் படம் போட்டிருக்கு, பத்து வருஷத்துக்கு முந்தின படம். மனைவியையும் இரண்டு மகன்களையும் ஆறாத் துயரில் விட்டுச் சென்றார்னு எழுதியிருக்கு. சரியாத்தான் எழுதியிருக்கு.

ஏழு மணிக்கு வாசல்ல போய் நின்னேன். பழக்கதோஷம். கார் வராதுன்னு தெரியாதா எனக்கு? தையல்காரன்தான் வந்தான், நேத்து வர முடியலையாம். ரவிக்கையை வாங்கி, புடவைக்குள்ள சுத்தி, அலமாரிக்கு அடியில தள்ளினேன்.

பத்து மணிக்கு ஆதிலட்சுமி வந்தா. ரெண்டு பேருமாக் கடற்கரைக்கு நடந்து போனோம். பவுடர் டப்பாவுல இருந்து கயிறை எடுத்தேன். ரெண்டு முடிச்சு அப்படியே இருந்தது. மூணாவது இருந்த இடத்துல நூல் கொஞ்சம் பிரிஞ்சிருந்தது, அவர் நகம் பட்ட இடம். அலையில விட்டேன். ரெண்டு தடவை திருப்பிக் கொண்டு வந்து என் கால்லயே போட்டது. மூணாவது தடவை ஆதிலட்சுமி இடுப்பு வரைக்கும் தண்ணியில இறங்கி விட்டுட்டு வந்தா.

அய்யர் ஜனவரியில சொன்ன வேலை. இன்னைக்குத்தான் முடிஞ்சது.

மார்ச் 19

கறுப்புச் சாந்துப் பொட்டு வச்சுக்கிட்டுக் கடைக்குப் போனேன். வெறும் நெத்தியோட போனா ஊரே கேட்கும். ஒரு பொம்பளை ஓடி வந்து, "நீங்க நடிகை நீலாயதாட்சிதானே? உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையாமே, அதான் இப்படியே இளமையா இருக்கீங்க"ன்னா.

ஆமாம்மான்னேன்.

மார்ச் 26

அந்த இன்னொரு கம்பெனி ஆள் மறுபடி வந்தான். போன தடவை வாங்கிக் கட்டிக்கிட்டது நினைவிருக்கும் போல, வாசல்லயே நின்னான். உள்ள கூப்பிட்டுக் காபி கொடுத்தேன்.

"அந்த அம்மா வேஷம் இன்னும் யாருக்கும் கொடுக்கலையே?"ன்னு கேட்டேன்.

அவனுக்கு நம்ப முடியலை. "இல்லைம்மா, நீங்க ஒத்துக்கிட்டா எங்க பாக்கியம்"னு அவசர அவசரமாக் கதை சொல்ல ஆரம்பிச்சான். பெரிய குடும்பமாம், வீடு நிறைய ஜனமாம், துரைக்கண்ணு மூத்த பிள்ளையாம். கடைசி வரைக்கும் கேட்டேன்.

"அந்த அம்மாவுக்குப் புருஷன் உண்டா?"

"உண்டும்மா. மங்களகரமான வேஷம்தான். பட்டுப்புடவை, நெத்தி நிறையக் குங்குமம், பூ, வைரத்தோடு. உங்களை அழ வைக்க மாட்டோம்."

"அவரைச் சாகடிச்சுட முடியுமான்னு உங்க டைரக்டர்கிட்டக் கேளுங்க"ன்னேன். காபியை வச்சுட்டு முழிச்சான். "கதைக்கு முன்னாடியே செத்துட்டார்னு வச்சுக்கிட்டாப் போச்சு. முதல் ஷாட்ல இருந்து வெள்ளைப் புடவைதான் கட்டுவேன். சம்மதம்னா நடிக்கிறேன்."

"சரிம்மா, கேட்டுச் சொல்றேன். ஆனா அமங்கல வேஷம், ஷாட் முடிஞ்சதும் அந்தப் பொட்டு வைக்கிற சாங்கியமெல்லாம் தினமும்..."

"அது வேண்டாம்"னேன். "புடவையை நானே வீட்டுல இருந்து கட்டிக்கிட்டு வந்துடறேன்."